முதுகுக்குப் பின்னால் இருந்த கூட்டம்

மைக்கு அண்ணனைத் தெரியாத ஆள் அந்தத் துறைமுகத்தில் கிடையாது. அவரோடு உட்கார்ந்து பேசிய ஆளும் கிடையாது. கையில் மைக்கு இருக்கும்வரை வாய் ஓயாது. மைக்கைத் துடைத்து அதன் டப்பாவில் வைத்துவிட்டால் மனுஷன் ஊமைப்படம். கடைக்குப் போனால் பிஸ்கட் பாக்கெட்டை விரலால் காட்டுவார், வாங்குவார், தலையை ஆட்டுவார், வந்துவிடுவார். வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், பிறவியிலேயேவா?" என்று கடைக்காரரிடம் ரகசியமாகக் கேட்டார். அதே வெளியூர்க்காரர் மறுநாள் சுற்றுலாப் படகில் ஏறி, போகவர முழுக்க அண்ணன் பேச்சைக் கேட்டுவிட்டு, காதைக் குடைந்துகொண்டே இறங்கினார்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு. அதன்மேல் கடல்நாய்கள் மீசை வைத்த மூட்டைகள் மாதிரிக் கூட்டமாகக் கிடந்து வெயில் காயும். அவ்வளவுதான் காட்சி. நீங்களும் நானும் அப்படிச் சும்மா படுத்திருந்தால் வீட்டில் திட்டு விழும். கடல்நாய் படுத்திருந்தால் டிக்கெட் எடுத்துப் படகேறி வந்து போட்டோ பிடிப்பார்கள். ஆனாலும் எவ்வளவு நேரம்தான் மூட்டையைப் பார்ப்பது? அதற்குத்தான் அண்ணன். முன்பக்கக் கம்பியில் சாய்ந்து நின்று ஆரம்பிப்பார்.

"அதோ, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்கதான் நம்ம மாமியார். வருஷா வருஷம் அதே பாறை. வேற யாராவது உக்காந்தா குடும்பமே கோர்ட்டுக்குப் போயிடும். பக்கத்துல திரும்பிப் படுத்திருக்காரு பாருங்க, மருமகன். காது கேக்காத மாதிரி நடிக்கிறாரு. சார், நீங்க எதுக்கு சார் சிரிக்கிறீங்க? உங்க வீட்டம்மா பாக்கறாங்க!"

படகே குலுங்கும். கழுத்தில் தழும்போடு மச்சான் ஒருவர், யாரிடமும் ஒட்டாத புதுப்பொண்ணு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வரும் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று பாறை முழுக்க அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள்.

நிஜத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மிச்சமில்லை. மனைவி எப்போதோ தன் அக்கா வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. "வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு" என்று அவள் சொன்ன காரணத்தைப் படகில் அவர் பேச்சைக் கேட்டிருந்த ஒருவரும் நம்பவில்லை. நிஜ மாமியார் படகு மாமியாருக்கு நேர் எதிர். மகள் போன பிறகும் அவ்வப்போது போன் போட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்பார். இவர் "ம்" என்பார். அந்த அம்மாவும் கண்ணை மூடிய பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. மாமியார் ஜோக்கை மட்டும் அவர் விடவில்லை. ஜனங்கள் அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

இன்ஜின் ரிப்பேர் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், ஒரு ஜன்னல். தலையணைகூட டீசல் வாடை அடிக்கும். மேலே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கீழே இருக்கும் மெக்கானிக் குழாய்ச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் பாறையில் ஒன்று இருமியது.

கடல்நாய் இருமினால் அச்சு அசல் மனுஷன் மாதிரியே இருக்கும். படகில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அண்ணன் விடுவாரா? "சிகரெட்ட விடுய்யான்னு எத்தனை தடவ சொல்லிட்டேன், கேட்டாத்தானே!" கைதட்டல். இன்னொன்று இருமியது. "இப்ப பாருங்க, பங்காளியும் ஆரம்பிச்சிட்டான்." இன்னும் பெரிய கைதட்டல். அன்று மாலை மைக்கைத் துடைத்து வைக்கும்போது அண்ணன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கரையில் உடல்கள் ஒதுங்க ஆரம்பித்தன. உயிரோடு ஒதுங்கியவையும் இருந்தன. மூக்கு ஒழுக, கண்ணில் பீளை கட்டி, தலை ஆட ஆடக் கிடந்தன. பாவம் பார்த்து இரண்டு பேர் ஒன்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். நீந்தத் தெம்பில்லாமல்தான் அது கரையேறியது என்று அவர்களுக்கு யார் சொல்வது? அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டபோது மூச்சு இல்லை. பிறகு கரை முழுக்க மஞ்சள் நாடா கட்டினார்கள். வைரஸ் என்றார்கள். நாய்களுக்கு வருமே ஒரு கொடிய காய்ச்சல், அதற்குப் பங்காளி முறையாம்; நுரையீரலைப் பிடிக்கும், அப்புறம் மூளையைப் பிடிக்கும். வீட்டு நாயை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வரக்கூடாது, எதையும் தொடக்கூடாது, பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்காமல் போகக்கூடாது. நகராட்சி வண்டி உடல்களை அள்ளிக்கொண்டு போனது. படகுச் சவாரி நின்றது. முதலாளி படகுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார்.

மைக்கும் இல்லை, பேச்சும் இல்லை. அண்ணன் அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாறை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருமல் ஜோக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கைதட்டல் வந்த இடம் வந்ததும் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார்.

டாக்டர் வந்தது அப்போதுதான். கடல் விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். சின்ன வயதுப் பெண். கையில் ஐஸ் பெட்டியோடு மாடிப்படி ஏறி வந்து, கதவைத் தட்டி, "சார், நீங்கதானே மைக்கு சார்?" என்றார்.

அண்ணனுக்கு யாரும் சார் போட்டதில்லை. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மூலையில் குவிந்திருந்த பழைய மிதவைச் சட்டைகள்மேல் உட்கார்ந்தார். இருந்த ஒரே டம்ளரில் டீயைப் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"உங்க வீடியோ எல்லாம் பாத்திருக்கேன் சார். டூரிஸ்ட்டுங்க எடுத்துப் போட்டிருக்காங்களே, ஒண்ணு விடாம பாத்தேன். மாமியார் எத்தனை வருஷமா வராங்க?"

அண்ணனுக்கு வாய் திறந்துகொண்டது. மைக்கு இல்லாமலே திறந்துகொண்டது; அதுதான் அதிசயம். மாமியார், மருமகன், மச்சானுக்குத் தழும்பு வந்த கதை எல்லாம் வந்தது. டாக்டர் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். டீ ஆறிப்போனது. வெயில் ஜன்னலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. ஒரு மனுஷி தன் எதிரில் உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் புதுசு. நிறுத்த மனசு வரவில்லை.

கடைசியில் டாக்டர் பெட்டியைத் தட்டினார். "தடுப்பூசி சார். மொத்தமே இவ்வளவுதான். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவ போடணும். இப்ப ஒண்ணு, சில வாரம் கழிச்சு அதுக்கே இன்னொண்ணு. அதனால இடத்த விட்டுப் போகாத ஆளுங்களுக்குத்தான் போடணும். வந்துபோற விருந்தாளிக்குப் போட்டா, ஊசி கடலோட போச்சு."

"ம்."

"வடக்குத் தீவுக் கூட்டத்துக்குத்தான் தரணும்னாங்க. அங்க போட்டோ எடுத்து, எது எதுன்னு அடையாளம் பாத்து வச்சிருக்காங்க. நான்தான் உங்க வீடியோவக் காட்டி, இங்க ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடறாரு, அவருக்குத் தெரியாம ஒண்ணு கூட அசையாதுன்னு சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். காலையில போயிடலாமா சார்?"

அண்ணன் வாயைத் திறந்தார். திறந்த வாய் "போலாம்" என்றது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெட்டி வடக்கே போகும், இந்தப் பாறைக்கு ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. டாக்டரும் படியிறங்கிப் போய்விடுவார். இதில் எது அதிகம் வலித்தது என்று கேட்டால் அண்ணனாலேயே சொல்லியிருக்க முடியாது.

காலையில் தார்ப்பாயை உருவிவிட்டுப் படகை எடுத்தார்கள். ஓட்டியது வழக்கமான டிரைவர். எல்லாவற்றுக்கும் சலித்துக்கொள்ளும் ஆள், ஆனால் கூப்பிட்டால் வந்துவிடுவார். பாறை நெருங்கியதும் இன்ஜினை அணைத்தார். மிச்சமிருந்தவை படுத்திருந்தன. முன்பு இடம் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பாறையில் இப்போது நிறைய இடம்.

"மாமியார் எது சார்?"

அண்ணன் திரும்பிப் பாறையைப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் ஒரே சாம்பல், ஒரே மீசை, ஒரே ஈரக் கண். பரீட்சையில் கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது வேறு பாடமாக மாறாதே, அந்த நிலைமை. கையைத் தூக்கி, ஓரத்தில் கிடந்த ஒன்றைக் காட்டினார்.

டாக்டர் சத்தமில்லாமல் பாறையில் இறங்கினார். நீளக் கம்பின் நுனியில் ஊசி. ஒரே குத்து. அது விலுக்கென்று எழுந்து, குத்தியவரை விட்டுவிட்டுப் படகில் நின்ற அண்ணனை ஏறிட்டுப் பார்த்தது. டாக்டர் அதன் முதுகில் நீல வர்ணத்தை ஒரு பீச்சுப் பீச்சிவிட்டு, படகுக்கு வந்து மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாமியாருக்கு ஆச்சு. அடுத்து மச்சான். உறுதியான கூட்டம் சார் இது. வடக்குத் தீவுக்காரங்க பாவம், இந்தத் தடவ அதுங்களுக்கு ஒண்ணும் கிடையாது. பரவாயில்ல, இங்க ஒண்ணு கூட வீணாகாதுல்ல?"

போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, "கழுத்துல தழும்புன்னு சொன்னீங்களே?" என்று பாறையைத் தேடினார்.

"டாக்டர்," என்றார் அண்ணன். "அந்த வீடியோல நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கறேன்?"

டாக்டர் குனிந்து பார்த்தார். "கேமராவப் பாத்து."

"எல்லாத்துலயும் அப்படித்தான். ஜனங்க மூஞ்சியத்தான் பாப்பேன். யாரு சிரிக்கறா, யாரு சிரிக்கலன்னு பாக்கணும்ல? இதுங்க எல்லாம் என் முதுகுக்குப் பின்னாடி. கைய மட்டும் பின்னால நீட்டுவேன். கை போற இடத்துல எது கெடக்கோ அதுதான் மாமியார்."

டாக்டர் போனையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். "தழும்பு?"

"தழும்புன்னு சொன்னா எல்லாரும் எட்டிப் பாப்பாங்க."

டிரைவர் பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார். "காலையில மாமியார்னு சொன்னதையே சாயங்காலம் புதுப்பொண்ணுன்னு சொல்லுவாப்ல. சரி, சோப்பு போட்டுக் குளிச்சிருக்கும்போலன்னு நான் விட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன டிரைவரும் சிரிக்கவில்லை.

"அப்போ இப்ப நான் போட்டேனே?"

"அது யாருன்னு எனக்குத் தெரியாது டாக்டர். நான் அத இப்பத்தான் மொத மொதலாப் பாக்கறேன்."

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. பெட்டியை மூடினார், தாழ்ப்பாளைப் போட்டார், கரை வரும்வரை அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையில் இறங்கியதும் சொன்னார்: "இத நேத்தே சொல்லியிருக்கலாம்." இப்போது பேச்சில் சார் இல்லை. போய்விட்டது.

வண்டிக் கதவைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, நின்றார். "போட்டது போட்டாச்சு. அதோட ரெண்டாவது ஊசிய மட்டும் எடுத்து வைக்கிறேன். தூரத்துல இருந்து தினமும் பாருங்க. கிட்டப் போகாதீங்க. சாயங்காலம் போன் பண்ணுவேன். இருக்கா, இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. கதை வேணாம்."

பெட்டி வடக்கே போனது.

முதலாளியின் சின்ன துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அண்ணன் தினமும் போனார். டாக்டர் சொன்ன தூரத்தில் நங்கூரம் போட்டு, பாறையைப் பார்த்து உட்கார்ந்தார். முதல் நாட்களில் நீல வர்ணத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. நீலம் இருக்கிறது, சரி, கிளம்பலாம் என்று துடுப்பை எடுப்பார். அறையில் போய் என்ன செய்வது என்று யோசித்து, திரும்ப வைத்துவிடுவார்.

வேறு வேலை இல்லாமல் பார்த்ததில்தான் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. நீலத்துக்குத் தூங்குவதற்கு முன் ஒரு கொட்டாவி. விட்டால் வாய் மூடவே மூடாது, மறந்துபோனது போலத் திறந்தபடி இருக்கும். இடப்பக்க மீசை ஏதோ கடித்தது போலக் குட்டையாக இருக்கும். அலைத் துளி பட்டால் தும்மும். தாடைக்குக் கீழே பால் சிந்தியது போல ஒரு வெள்ளை. மதியம் ஆனால் வலது துடுப்பை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளும், விருந்து சாப்பிட்ட ஆள் மாதிரி. ஆனால் விருந்து ஒன்றும் இல்லை. பக்கத்தில் கிடந்தது ஒருநாள் இருமியது, மறுநாள் தலையைத் தூக்கவில்லை, அதற்கும் மறுநாள் அலை ஏறி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போனது. நீலம் அந்தக் காலி இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் இடத்துக்கே வந்தது.

பாறை இன்னும் காலியானது. ஒருநாள், பழக்கதோஷம், அண்ணன் வாயிலிருந்து "அதோ பாருங்க" என்று படகுக் குரலில் வந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர். பாறையில் நீலம் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அண்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது, பொருட்களைச் சரிசெய்வது போலத் துடுப்பை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

சாயங்காலம் போன் வரும். படியேறி ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, மணி அடித்ததும் எடுப்பார்.

"இருக்கா?"

"இருக்கு."

"சரி."

முடிந்தது. அன்றைக்கு முழுக்க அவர் இன்னொரு மனுஷப் பிறவியோடு பேசிய பேச்சு அவ்வளவுதான். கொட்டாவியைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒவ்வொரு நாளும் நாக்கு நுனிவரை வரும். கதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே. மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே போய் நின்றுகொள்வது மட்டும் நிற்கவில்லை.

ரோமம் உதிரும் பருவம் வந்தது. பாறையில் இருந்தவை எல்லாம் பழைய கம்பளி மாதிரித் திட்டுத் திட்டாக உதிர்த்தன. நீலமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, ஒரு பொட்டளவு நின்று, பிறகு அதுவும் போனது. அண்ணனுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கொட்டாவி இருந்தது, குட்டை மீசை இருந்தது.

இரண்டாவது ஊசிக்கு நாள் நெருங்கியபோது டாக்டர் போனில் வழக்கத்தைவிட ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினார். "நாளைக்கும் இருக்குன்னா அடுத்த நாளே வந்து போட்டுடறேன். இல்லன்னா அந்த ஊசி இங்க வடக்குத் தீவுல வேற ஒண்ணுக்குப் போயிடும்."

மறுநாள் காலை அண்ணன் அறையைப் பெருக்கினார். கீழே மெக்கானிக்கிடம் போய், "ஒரு டம்ளர் இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேட்டார். மெக்கானிக் பயந்துபோய் இரண்டு கொடுத்தார்.

பாறையில் அது இல்லை.

சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தார். மதியம்வரை இருந்தார், அதற்குப் பிறகும் இருந்தார். தண்ணீரில் தலை தெரிகிறதா என்று கண் எரியப் பார்த்தார். பாறையில் நான்கு கிடந்தன. நான்குக்கும் முதுகில் வர்ணம் இல்லை. நான்கும் சாம்பல், நான்குக்கும் மீசை. டாக்டர் வந்து நின்றால், எதைக் காட்டினாலும் அதுதான். முகம் மாறாமல் கையை நீட்ட அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊசியும் வீணாகாது; ஏதோ ஒன்றுக்குப் போகும், அதுவும் இந்தப் பாறையில் ஒன்றுக்கு. டாக்டர் நாளைக்குப் படகில் வருவார், பிறகு படியேறி வருவார், டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கின்றன.

மணி அடித்தது. அறைக்குப் போகாமல் அவர் இன்னும் படகிலேயேதான் இருந்தார். சிக்னல் வந்து வந்து போனது.

"இருக்கா?"

"இல்ல டாக்டர்."

எதிர்ப்பக்கம் காற்றுச் சத்தம். "பாறையே காலியா?"

"நாலு இருக்கு. அதுல அது இல்ல."

"ரோமம் உதிருற நேரம். பெயிண்ட் போயிருக்கும். அதுல ஒண்ணா இருக்கலாம்ல? எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"பெயிண்ட் போயி நாளாச்சு. இதுங்க யாரும் வாயத் திறந்து வச்சிக்கிட்டுத் தூங்க மாட்டாங்க. மீசையும் எல்லாத்துக்கும் முழுசா இருக்கு. முந்தாநாள் ஒரு தடவ இருமுச்சு டாக்டர். தும்மல்தான்னு நினைச்சுக்கிட்டேன். தும்மல்னே நினைக்கணும்னு இருந்துச்சு. இருமல்தான்."

 கட்டாகிவிட்டதோ என்று அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஆகவில்லை.

"ஊசிய அந்த வடக்குத் தீவுக்காரங்களுக்கே குடுத்துடுங்க," என்றார் அண்ணன்.

"சரி."

அவ்வளவுதான், இனி மணி அடிக்காது என்று நினைத்துக்கொண்டார். சொல்வதற்கு நன்றாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். 

"அந்த நாலும் எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"எது?"

"அதான், அந்த நாலு. இருமுதா? மூக்கு ஒழுகுதா? எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அண்ணன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த பாறையைப் பார்த்தார்.

"இடது ஓரத்துல ஒண்ணு படுத்திருக்கு. சின்னது. மூச்சு சீரா வருது. மூக்கு காஞ்சிதான் இருக்கு," என்றார். "அதப் பத்தி எனக்கு இன்னும் அவ்வளவாத் தெரியாது டாக்டர். பொறுங்க, பாத்துச் சொல்றேன்."